மழைக்காலத்தில் சோலார் பேட்டரி நிறைவதே இல்லை, 31 சதவீதம் காட்டியது திடீரென்று 9 ஆகிவிட்டது

சிராங்கூன் தரைவீடு எழுதியது:

வணக்கம். நாங்கள் இருப்பது சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடு. கூரையில் 430 வாட் பேனல் 14 இருக்கிறது, மொத்தம் 6 கிலோவாட்டுக்குச் சற்று மேல். பேனல், பேட்டரி, வெளி மின்சாரம் மூன்றையும் சேர்த்து ஓட்டும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர். கார் நிறுத்தும் இடத்தில், மழை படாத சுவரில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு. ஒவ்வொன்றும் 5.12 யூனிட்.

இங்கே கரண்ட் போவதே அபூர்வம், பேட்டரி எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அப்பாவுக்கு நுரையீரல் நோய். ராத்திரி முழுக்க ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும், 350 வாட் இழுக்கும் மெஷின். அது ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் வாங்கினேன். பில் குறைவது அதற்கு அப்புறம்தான்.

வெயில் மாதங்களில் ஒரு குறையும் இல்லை. நல்ல நாளில் 22, 24 யூனிட் வரும். மதியம் 2 மணிக்குள் பேட்டரி நிறைந்துவிடும். டிசம்பர் பாதியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. தொடர்ந்து மூன்று நாள், நான்கு நாள் மழை. ஒரு நாளைக்கு 5 யூனிட் வந்தாலே பெரிது. பேட்டரி 50ஐத் தாண்டுவதில்லை. இதற்குக் கீழே பேட்டரியிலிருந்து எடுக்காதே என்று சொல்லும் கீழ் வரம்பை 20 சதவீதத்தில் வைத்திருந்தேன்.

போன வியாழன் அதிகாலை 3 மணிக்குப் போன் அலறியது. படுக்கப் போகும்போது 38 காட்டியது. அதற்குப் பிறகு மெதுவாக இறங்கி 31 வந்திருக்கிறது. செயலியில் அடுத்த பதிவே 9! நடுவில் ஒன்றுமில்லை. இன்வெர்ட்டர் தானாக வெளி மின்சாரத்துக்கு மாறிக்கொண்டதால் மெஷின் நிற்கவில்லை. ஆனால் அந்த நேரம் வெளியிலும் மின்சாரம் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன்? அதை நினைத்தே அன்று தூக்கம் போனது.

செல் விவரங்களைத் திறந்து பார்த்தேன். முதல் பேட்டரியில் 16 செல். பதினைந்து செல்கள் 3.20, 3.21 வோல்ட்டில் நிற்கின்றன. 11ஆவது மட்டும் 2.94. பொருத்திக் கொடுத்த கம்பெனியில் கேட்டால், மழைக்காலத்தில் அப்படித்தான், வெயில் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பேட்டரி கெட்டுவிட்டதா? இணையத்தில் குளிர்காலத்தில் பேட்டரியைப் பராமரிப்பது பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ராத்திரியில் வெளி மின்சாரத்தில் சார்ஜ் செய், கீழ் வரம்பை ஏற்று, பேட்டரிக்கு ஹீட்டர் போடு என்றெல்லாம். இதில் எது நமக்குப் பொருந்தும்?

செம்பவாங் வயரிங் பதில்:

தம்பி, அப்பாவுக்காக இவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறீர்கள், அதற்கே முதலில் ஒரு வணக்கம். நான் கப்பல் பட்டறையில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சதவீத எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள். பேட்டரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அது அளந்து சொல்வதில்லை. உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் சொல்கிறது. உங்கள் வகை பேட்டரியில் வோல்டேஜைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவே ஒரு செல்லில் பத்தில் ஒரு வோல்ட்கூட வித்தியாசம் வராது. அதனால் பேட்டரிக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் என்ற சர்க்யூட், அந்தக் கணக்கை நம்பித்தான் ஓடுகிறது. சின்னச் சின்னக் கரண்டுகளை அது சரியாக எண்ணுவதில்லை, தன் சொந்தச் செலவையும் முழுதாகச் சேர்ப்பதில்லை. கடையில் நாள் முழுக்க வரவு செலவு எழுதிவிட்டு, இரவில் கல்லாவை எண்ணிப் பார்க்காமலே பூட்டிக்கொண்டு போவது போலத்தான். பேட்டரி முழுதாக நிறையும்போதுதான் அது கல்லாவை எண்ணுகிறது, பழைய பிசகையெல்லாம் அழித்துவிட்டு 100 என்று புதிதாகத் தொடங்குகிறது. வெயில் காலத்தில் இது தினமும் நடக்கிறது, நமக்குத் தெரிவதில்லை. உங்களுக்கு டிசம்பர் பாதியிலிருந்து ஒரு தடவைகூட நடக்கவில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. செல்களைச் சமப்படுத்தும் வேலை பெரும்பாலான பிஎம்எஸ்ஸில் செல் 3.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் தொடங்கும். நிறையாத பேட்டரியில் அந்த வேலை நடக்கவே நடக்காது. ஒரு செல் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும். 16 செல்லும் வரிசையாகக் கோத்தவை என்பதால் பின்தங்கிய ஒன்று காலியானால் மொத்தமும் காலி. அதிகாலை 3 மணிக்கு 11ஆவது செல் அடிமட்டத்தைத் தொட்டது. அப்போதுதான் பிஎம்எஸ்ஸுக்குத் தன் கணக்கு தப்பு என்று தெரிந்து, 31ஐ 9 என்று திருத்திக்கொண்டது. 9 தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்த எண்.

எனவே ஒரு முறை வெளி மின்சாரத்தில் முழுதாக நிறையுங்கள். வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பகலில் பேனல் கொடுப்பதைக் கொடுக்கட்டும், மாலை 5 மணிக்கு மேல் கிரிட் சார்ஜை இயக்கி 20 ஆம்பியருக்கு மேல் போகாமல் வையுங்கள். அது சுமார் 1 கிலோவாட்தான். அவசரப்படுத்தினால் முந்திய செல்கள் மேல் வரம்பைத் தொட்டுச் சார்ஜை நிறுத்திவிடும், பின்தங்கிய செல் பின்னாலேயே நிற்கும். நிறைந்த பிறகும் இரண்டு மணி நேரமாவது அங்கேயே பிடித்து வையுங்கள். எத்தனை வோல்ட் என்பதை உங்கள் பேட்டரிக் கையேட்டில் இருப்பதுபோலவே வையுங்கள், அதில் கை வைக்காதீர்கள்.

நிறையும் நேரத்தில் 11ஆவது செல்லை மட்டும் கவனியுங்கள். இதுதான் முக்கியம். மற்றவை 3.45, 3.50 என்று ஏறும்போது அது கீழேயே நின்றால் வெறும் சமன் பிசகு, சரியாகிவிடும். அடியில் முதலில் காலியான அதே செல், மேலே போகும்போதும் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி உச்சியைத் தொட்டால், அதன் கொள்ளளவே சுருங்கிவிட்டது. அப்போது வெயிலுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்லை, வாரண்ட்டியில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இரண்டு நேரத்திலும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கீழ் வரம்பு. 350 வாட் மெஷின் 10 மணி நேரம் ஓடினால் 3.5 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 4. உங்கள் பேட்டரியில் அது 40 சதவீதம். 20 என்று வைத்தது இந்த வீட்டுக்குப் போதாது, தம்பி. டிசம்பர், ஜனவரியில் 50 வையுங்கள். அந்தப் பாதியைத் தொடாதீர்கள், அது அப்பாவுடையது.

பில் கூடுமே என்று தயங்க வேண்டாம். நாம் வெளியே அனுப்பும் சோலார் யூனிட்டுக்கு மின்சார நிறுவனமான எஸ்பியின் கட்டணத்திலிருந்து கிரிட் செலவை, அதாவது மின்கம்பி வலைக்கான பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை வரவு வைக்கிறார்கள். ஆகவே ஒரு யூனிட்டை அனுப்பாமல் பேட்டரியில் வைத்துப் பயன்படுத்தினால் மிச்சமாவது ஒரு சில காசுதான். 40லிருந்து 100 வரை வெளி மின்சாரத்தில் நிறைத்தாலும் 6 யூனிட், இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிந்துவிடும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இதைச் செய்தால் கணக்கும் சரியாக இருக்கும், செல்களும் சமமாக இருக்கும்.

தினமும் ராத்திரியில் நிறைக்கச் சொல்வது இரவுக் கட்டணம் மலிவாக இருக்கும் ஊர்களுக்கு. எஸ்பியின் வழக்கமான கட்டணம் எந்த நேரமும் ஒன்றுதான். போட்டு எடுப்பதில் பத்தில் ஒரு பங்கு வீணாகப் போவதுதான் நடக்கும், லாபம் இல்லை. வேறு விற்பனையாளரிடம் உச்ச நேரம், உச்சமில்லா நேரம் என்று பிரித்த திட்டத்தில் இருந்தால் மட்டும் கணக்குப் பார்க்கலாம்.

பிடோக் திரும்பியவன் பதில்:

செம்பவாங் அண்ணன் சொன்னதுக்கு மேல் பேட்டரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலம் பற்றி மட்டும் எழுதுகிறேன். டொராண்டோவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவன். அங்கும் கூரையில் பேனல் இருந்தது, இங்கும் இருக்கிறது.

நீங்கள் இணையத்தில் படித்தது அந்த மாதிரி ஊர்களுக்கு எழுதியது. டிசம்பரில் டொராண்டோவில் பகலே 9 மணி நேரம்தான். நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 23 டிகிரி உயரத்துக்கு மேல் வராது. பேனல் மேல் பனி படுத்துக்கிடக்கும். லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும். அதனால்தான் ஹீட்டர். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி, 1989 பிப்ரவரி 14 அன்று பாய லேபாரில். ஹீட்டர் பேச்சே நமக்கு வேண்டாம். நமக்குப் பகை வெப்பம்தான். பேட்டரிக்குப் பின்னால் காற்றுப் போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அது போதும்.

நமக்குப் பகல் எப்போதும் 12 மணி நேரம். டிசம்பரிலும் நண்பகல் சூரியன் 65 டிகிரி உயரத்தில் இருக்கும். குறைவது மேகத்தால் மட்டும். வடகிழக்குப் பருவமழை ஒரே சீராகப் பெய்வதில்லை, அலை அலையாக வரும். 2025 ஜனவரி 10ஆம் தேதி தொடங்கிய அலை நினைவிருக்கும். சாங்கியில் 255.2 மில்லிமீட்டர், ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 தான். அந்த நாட்களில் என் பேனல்களிலிருந்து வந்தது ஃப்ரிட்ஜுக்கும் விசிறிக்கும் சரியாகப் போனது. அப்புறம் ஒரு இடைவெளி, நல்ல வெயில், பிறகு மறுபடி மழை.

அதனால் நாள் கணக்கு வைத்து நிறைப்பதைவிட வானிலை ஆய்வகம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்த்து நிறைப்பது நல்லது. பருவமழை அலை வருகிறது என்று சொன்னால் அதற்கு முதல் நாளே 100க்குக் கொண்டுபோய்விடுங்கள். பிப்ரவரியில் பருவக்காற்று காய்ந்துவிடும், இந்தக் கவலை குறையும்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே உயரமான வீடு இருக்கிறதா? நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஜூனில் சூரியன் வடக்கே போகும், டிசம்பரில் தெற்கே போகும். ஜூனில் நிழலே விழாத பேனலில் டிசம்பரில் விழும். பேனலைவிட 3 மீட்டர் உயரமான சுவர் தெற்கே இருந்தால் நண்பகலில் ஏறக்குறைய 1.4 மீட்டருக்கு நிழல், காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். பழைய டெரஸ் வீடுகளை இடித்து மூன்று மாடி எழுப்பும் காலம் இது. எல்லாவற்றையும் மழையின் தலையில் போட்டுவிட வேண்டாம்.

வீட்டுப் பராமரிப்புத் தாதி பதில்:

பேட்டரி எனக்குத் தெரியாது, கான்சன்ட்ரேட்டர் தெரியும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி நான். தம்பி, ஒன்றை மட்டும் தயவுசெய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அப்பா அறையில் அந்த மெஷின் செருகியிருக்கும் பிளக் பேட்டரி ஆதரவு உள்ள லைனில்தான் இருக்கிறதா? பல வீடுகளில் இன்வெர்ட்டரின் பேக்கப் பக்கம் சில லைன்களுக்கு மட்டும்தான் போகிறது. ஹால் லைட்டும் ஃப்ரிட்ஜும் எரியும், படுக்கையறை பிளக் செத்துக் கிடக்கும். ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு செலவு செய்திருந்தார்கள்.

பகலில், வீட்டில் இன்னொருவர் கூட இருக்கும்போது, அப்பாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். மெஷின் ஓடுகிறதா, அலாரம் அடித்து நிற்கிறதா? சில மெஷின்கள் அந்தக் கண்ணிமைக்கும் நேர மாற்றத்திலேயே நின்றுவிடும், கையால் மறுபடி போட வேண்டியிருக்கும். அப்படியென்றால் ராத்திரியில் யார் எழுந்து போடுவது என்பதையும் பேசி வையுங்கள்.

சிலிண்டர் வீட்டில் இருக்கிறதுதானே? எவ்வளவு பெரிய பேட்டரி வைத்தாலும் சிலிண்டர் வேண்டும். மெஷினே பழுதானால் பேட்டரி என்ன செய்யும்? 400 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டத்தில் 3 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். உங்கள் அப்பாவுக்கு டாக்டர் எவ்வளவு ஓட்டம் எழுதியிருக்கிறாரோ அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஒரு தாளில் எழுதிச் சிலிண்டரிலேயே ஒட்டிவிடுங்கள். அவருக்கு மூச்சு மோசமானால் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

சிராங்கூன் தரைவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். மாலை 5 மணிக்கு 44 காட்டியது. 20 ஆம்பியரில் கிரிட் சார்ஜ் போட்டேன். நள்ளிரவு நெருங்கும்போது உச்சிக்கு வந்தது. திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். மற்ற செல்கள் 3.42, 3.46, 3.50 என்று சடசடவென்று ஏறின. 11ஆவது 3.36லேயே நின்றது, அசையவில்லை. அண்ணே, நீங்கள் சொன்னபடி பின்னால்தான் நின்றது! அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு மணி நேரம் பிடித்து வைத்ததில் 3.40க்கு வந்தது. செவ்வாய்க்கிழமை நல்ல வெயில் அடித்து மறுபடி நிறைந்தது, இப்போது மேலே பிடிக்கும்போது எல்லாச் செல்லுக்கும் இடையே 0.03 வோல்ட்டுக்குள் இருக்கிறது. கீழ் வரம்பை 50க்கு மாற்றிவிட்டேன்.

தாதி அக்கா, அப்பா அறை பிளக் பேக்கப் லைனில் இல்லை. நல்ல வேளை கேட்டீர்கள். உரிமம் பெற்ற மின்பணியாளர் சனிக்கிழமை வந்து மாற்றித் தருகிறார், அன்றைக்கே மெயினை அணைத்துப் பார்க்கிறோம். சிலிண்டர் இருக்கிறது, தாள் எழுதி ஒட்டியாகிவிட்டது.

பிடோக் நண்பரே, தெற்கே பக்கத்து வீட்டில் போன வருடம் மூன்றாவது மாடி எழுப்பினார்கள். நேற்றுப் பதினொரு மணிக்கு ஏணி வைத்துப் பார்த்தேன், தெற்கு ஓரத்து மூன்று பேனலில் பாதிக்கு நிழல். இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? 50 சதவீத வரம்பை எப்போது இறக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

பிடோக் திரும்பியவன் பதில்:

மூன்று பேனலும் மற்றவற்றோடு ஒரே வரிசையில் கோத்திருந்தால், நிழல் விழுந்த பேனல் மற்றவற்றின் உற்பத்தியையும் குறைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆப்டிமைசர் என்ற சின்னக் கருவியை அவற்றுக்கு மட்டும் போட முடியுமா என்று சனிக்கிழமை வருபவரிடமே கேளுங்கள். உங்கள் இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகும் வகையாக இருக்க வேண்டும். கூரையின் வடக்குப் பக்கம் காலி இடம் இருந்தால் மூன்றையும் அங்கே நகர்த்துவது அதைவிட நல்லது. பிப்ரவரி கடைசிக்குள் நிழல் தானாகப் பெருமளவு பின்வாங்கிவிடும், ஆனால் நவம்பரில் திரும்ப வரும்.

செம்பவாங் வயரிங் பதில்:

3.36இல் நின்றது என்று படித்ததும் எனக்கும் நிம்மதி, தம்பி. ஆனால் 11ஆவது செல்லை மறந்துவிடாதீர்கள். ஒரு மாதம் கழித்து, பேட்டரி 50க்கு இறங்கிய நேரத்தில் ஒரு முறையும், நிறையும் நேரத்தில் ஒரு முறையும் அதைப் பாருங்கள். தினமும் நிறைந்தும்கூட அது மட்டும் மறுபடி பின்தங்கினால், செல் உள்ளுக்குள் தானாகக் கசிகிறது. அப்போது எடுத்து வைத்த படங்களோடு கம்பெனிக்குப் போங்கள், வெயில் வந்தால் சரியாகும் என்ற பதிலை ஏற்காதீர்கள்.

வரம்பை இறக்கக் காலண்டரைப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் தொடர்ந்து, கிரிட் உதவி இல்லாமல், பேட்டரி தானாக மதியம் 3 மணிக்குள் 100ஐத் தொட்டால் இறக்குங்கள். அதுவும் 40 வரைக்கும்தான். அப்பாவுக்கு மெஷின் தேவைப்படும் வரைக்கும் அதற்குக் கீழே போக வேண்டாம். சனிக்கிழமை மெயினை அணைத்துப் பார்க்கும்போது இன்வெர்ட்டர் பக்கம் ஒருவர், அப்பா பக்கம் ஒருவர் நில்லுங்கள். என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.